சூடை மீன் ஊரும் எங்கள் முற்றமும்: பிள்ளைகளோடு கார்ட்டூன் படம் பார்க்க எந்த இடம் நல்லது?

விடுமுறை நெருங்கினால் மகளின் பாடசாலை வாசலில் என்னிடம் ஒரே கேள்விதான் வருகிறது. "பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் படம் காட்ட வேண்டும். தியேட்டருக்குக் கூட்டிப் போவதா, வீட்டிலேயே போடுவதா, உங்களைப்போல முற்றத்தில் திரை கட்டுவதா?" மூன்றையும் செய்து பார்த்தவள் என்பதால் கேட்கிறார்கள். வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

அதற்கு முன், இந்த விடயத்தில் என் மனத்தை மாற்றிய ஒரு மாலையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு மட்டக்களப்பின் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர். இப்போது முழங்கால் இடம் கொடுப்பதில்லை. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து யாருடைய கிழிந்த வலையையாவது பொத்திக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினால் காற்றைப் பற்றியும் கடலைப் பற்றியும்தான்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் கேட்டுக்கேட்டு அலுத்துப்போகும் முன் ஒரு படம் போட்டேன். 'க்ளவுடி வித் எ சான்ஸ் ஆஃப் மீட்பால்ஸ்' என்ற 2009 ஆம் ஆண்டுப் படம். வானத்திலிருந்து சாப்பாடு விழும் கதை என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தொண்ணூறு நிமிடம் பிள்ளைகள் அமைதியாக இருப்பார்கள், அதற்குள் உடுப்புகளை மடித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

பத்தாவது நிமிடத்தில் உடுப்புக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டேன். அத்திலாந்திக் கடலில் ஒரு சின்னத் தீவு. சூடையை டின்னில் அடைத்து விற்றுத்தான் அந்த ஊர் பிழைத்தது. ஒரு நாள் உலகத்துக்குச் சூடை பிடிக்காமல் போகிறது. தொழிற்சாலையை மூடிவிடுகிறார்கள். விற்க முடியாத மீனை ஊர்க்காரர்களே தின்று தீர்க்க வேண்டிய நிலை. அங்கே ஃபிளின்ட் என்ற இளைஞன் தண்ணீரை உணவாக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்கிறான். அவனுடைய தகப்பன் டிம், தூண்டிலும் இரையும் விற்கும் கடைக்காரர். கண்ணையே மறைக்கும் ஒற்றைப் புருவம் அவருக்கு. மகன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய விருப்பம். எதைச் சொல்ல வந்தாலும் மீன்பிடியில் வைத்துத்தான் சொல்வார். மகனுக்கு அது விளங்குவதில்லை.

என் இளையவனுக்கு ஆறு வயது, ஆங்கிலம் தெரியாது. அவன் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்: "இந்த ஊரில் சூடை மட்டும்தான் மகன். காலையிலும் சூடை, இரவிலும் சூடை." விறாந்தையில் அப்பாவின் கை நின்றது. "எந்த ஊரில் மகள்?" என்றார். கதிரையைத் திருப்பிப் போட்டார். படம் முடியும்வரை அந்தக் கதிரையை விட்டு எழவில்லை.

மகனின் கணினியிலிருந்து ஒரு கோப்பை அனுப்பத் தெரியாமல் டிம் திண்டாடும் காட்சியில் பிள்ளைகளைவிட அப்பாதான் சத்தமாகச் சிரித்தார். கடைசியில், தன் வளர்ப்புக் குரங்கின் எண்ணத்தைப் பேச்சாக்குவதற்காக ஃபிளின்ட் செய்திருந்த கருவியை அந்தத் தகப்பனின் தலையில் மாட்டுகிறார்கள். மகனைப் பற்றி மனத்தில் வைத்திருந்ததெல்லாம் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து வருகிறது. (முடிவைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு வழி தெரியவில்லை.) அப்பா என் பக்கம் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, "அந்த இடத்தை இன்னொரு தரம் போடுங்கள் மகள்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அதே படத்தை முற்றத்தில் இருபத்தைந்து பேரோடு பார்த்தோம். பிறகு மூத்த இருவரையும் வேறொரு கார்ட்டூன் படத்துக்குத் திரையரங்குக்குக் கூட்டிப் போனேன். இனிச் சொல்வதெல்லாம் இந்த மூன்று அனுபவத்திலிருந்தும் வந்தவை.

எதை வைத்து எடைபோடுவது

டிக்கெட் விலையிலிருந்து தொடங்குவதுதான் பலருடைய வழக்கம். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். குடும்பமாகப் பார்க்கும் நகைச்சுவைப் படத்துக்கு என் முதல் அளவுகோல், வீட்டில் மிக மூத்தவரும் மிக இளையவரும் ஒரே நேரத்தில் சிரிக்க வாய்ப்பு இருக்கிறதா என்பது. பிள்ளைகள் மட்டும் சிரித்து, பெரியவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது குடும்பமாகப் பார்த்த படம் ஆகாது.

இரண்டாவது, படத்தை நிறுத்தவும் திருப்பிப் போடவும் முடியுமா என்பது. ஐந்து வயதுப் பிள்ளை தொண்ணூறு நிமிடத்தில் குறைந்தது இரண்டு தடவை எழுந்து போகும், பத்துக் கேள்வி கேட்கும். மூன்றாவது மொழி. அதற்குப் பிறகுதான் காட்சியின் அளவும் ஒலியும். பணத்தைப் பொறுத்தவரை, வெளியே தெரியும் செலவைவிடத் தெரியாத செலவைத்தான் கணக்கெடுக்க வேண்டும்.

திரையரங்கு

கண்ணுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. இந்த வகைப் படங்களைச் செய்கிறவர்கள் ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் ஏதாவது ஒரு சின்ன வேடிக்கையை ஒளித்து வைக்கிறார்கள். கடைப் பலகையில் எழுதியிருப்பது, பின்னால் நடந்து போகிறவன் செய்யும் குறும்பு எல்லாம் சின்னத் திரையில் தெரியாமலே போய்விடும். நான் சொன்ன படத்திலேயே இடியப்ப நூல்போல நூடில்ஸ் சுழன்றடிக்கும் சூறாவளி ஒன்றும், ஜெலியால் கட்டிய மாளிகை ஒன்றும் வருகின்றன. முப்பரிமாணத்தில் வெளியான படம் அது. அவற்றைப் பெரிய திரையில் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கத்துத் திரையரங்குகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் படங்களை நம்பித்தான் ஓடுகின்றன. பிள்ளைகளுக்கான படம் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதற்காகக் கொழும்புக்குப் போவதென்றால் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அதைப் படம் பார்க்கும் செலவாக எழுத முடியாது, பயணச் செலவாகத்தான் எழுத வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. இரவுக் காட்சி முடியும்போது வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைப் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் கிடைக்காது, முச்சக்கரவண்டிதான். இடைவேளையில் மூன்று பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுப்பது ஒரு டிக்கெட்டின் விலையைத் தொட்டுவிடும். நாங்கள் போன நாளில் ஒலியைக் காது அடைக்கும் அளவுக்கு வைத்திருந்தார்கள். எங்களோடு வந்த தங்கையின் நான்கு வயது மகள் பயந்து அழ, தங்கை அரை மணி நேரத்தில் வெளியே போய்விட்டாள். இரண்டு டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் போனதோடு, அந்தப் பிள்ளை இன்றுவரை தியேட்டர் என்றால் தலையை ஆட்டுகிறது. என் கணக்கில் பெரிய நட்டம் அதுதான்.

அப்பா வரவில்லை. மூன்று மணி நேரம் காலை மடக்கி இருக்க முடியாது என்றார்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் என் தயக்கமெல்லாம் நீங்கிவிடுகிறது. என் மூத்த மகள் அன்று கண் சிமிட்டாமல் பார்த்தாள். வீடு வந்து, தண்ணீர் எப்படி அசைந்தது, முடி எப்படிப் பறந்தது என்று இரவு பன்னிரண்டு மணிவரை பேசிக்கொண்டிருந்தாள். அந்த வயதுக்குத் திரையரங்கு ஒரு பாடம்.

வீட்டுத் தொலைக்காட்சி

அப்பாவின் கை நின்றது இங்கேதான், அதை என்னால் மறக்க முடியாது. வீட்டில் படம் ஓடும்போது, பார்க்கப் போவதாகத் தீர்மானிக்காத ஒருவர்கூட மெல்ல உள்ளே வந்துவிட முடிகிறது. திரையரங்குக்கு வருவதற்கு ஒருவர் முதலே சம்மதிக்க வேண்டும். கார்ட்டூன் என்றால் சிறுபிள்ளை விடயம் என்று நினைக்கும் பெரியவர்கள் அந்தச் சம்மதத்தைத் தரமாட்டார்கள். வீட்டில் அவர்கள் வலை பொத்திக்கொண்டே கேட்கலாம், கறிக்கு மிளகாய் அரைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கலாம். பிடித்துப்போனால் கதிரையைத் திருப்பிக்கொள்ளலாம்.

திருப்பிப் போடும் வசதியின் மதிப்பும் எனக்கு அன்றுதான் விளங்கியது. அப்பா கேட்ட அந்த இரண்டு நிமிடத்தை மூன்று தடவை போட்டோம்.

இணையத்தில் பார்ப்பதென்றால் தரவுச் செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உயர்தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். தொண்ணூறு நிமிடப் படத்துக்கு நான்கரை ஜிபி. கைத்தொலைபேசித் தரவை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சின்ன விடயம் அல்ல. தரத்தைக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். சின்னத் தொலைக்காட்சியில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முதலே பதிவிறக்கி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் ஒரு தடவை, படத்தின் உச்சக் கட்டத்தில் இணைப்பு நின்று பிள்ளைகளின் முகம் வாடிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

பென் டிரைவில் கைமாறும் பிரதிகளை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. உழைத்தவர்களுக்கு உரியது அவர்களுக்குப் போக வேண்டும் என்பது ஒன்று. அந்தப் பிரதிகளில் நடுவில் எந்த விளம்பரம் குதிக்கும், எந்தக் காட்சி வெட்டுப்பட்டிருக்கும் என்று பெற்றோருக்குத் தெரியாது என்பது மற்றொன்று.

வீட்டின் குறை, வீடு வீடாகவே இருப்பதுதான். குக்கர் விசிலடிக்கும், வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். சிரிப்பும் சின்னதாகத்தான் இருக்கும். நான்கு பேர் சிரிப்பதும் இருபத்தைந்து பேர் சிரிப்பதும் ஒன்றல்ல.

முற்றத்துத் திரை

எங்கள் மண்ணில் இது புதிதே அல்ல. வட்டக் களரியைச் சுற்றிப் பாய் விரித்து, விடியும்வரை வடமோடி, தென்மோடிக் கூத்துகள் பார்த்த ஊர் இது. மடியில் இருக்கும் பிள்ளைக்கு, இப்போது வருவது யார், ஏன் கோபமாக வருகிறான் என்று அம்மம்மா சொல்லிக்கொடுப்பதும் கூத்தின் பகுதியாகவே இருந்தது. முற்றத்தில் படம் போட்ட அன்று நான் பார்த்ததும் அதைத்தான். ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள் தெரியாத பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், பக்கத்து வீட்டு அம்மம்மாவுக்கு என் மகள் சொன்னாள். ஹம்பர்கர் மழை பொழியும் காட்சியில் முற்றமே எழுந்து நின்றது.

செய்யும் முறை எளிது. புரொஜெக்டரை வாடகைக்கு எடுக்கலாம், நண்பர் யாரிடமாவது இருந்தால் இரவல் கேட்கலாம். துணியைவிட வெள்ளையடித்த சுவர் நல்லது. துணி கட்டினால் காற்றில் படம் நெளியும். மேலும் கீழும் தடி கட்டி இழுத்தால் ஓரளவு நிற்கும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று அடங்கும்வரை பொறுக்க வேண்டும். எங்கள் ஊரில் எந்த மாதத்திலும் ஏழு மணிக்கு நன்றாக இருட்டிவிடும், அதற்கு முன் தொடங்க வேண்டாம். மடிக்கணினியின் ஒலி முற்றத்துக்குக் கேட்காது, தனியாக ஒலிப்பெட்டி வேண்டும்.

செலவு இதில்தான் மிக அதிகமாக ஒளிந்திருக்கிறது. வாடகை தெரிந்த தொகை. தெரியாதது, வந்தவர்களுக்குத் தேநீரும் கடலையும், நுளம்புச்சுருள், கதிரை ஏற்றி இறக்கும் வேலை, மறுநாள் முற்றம் கூட்டுவது. ஒக்டோபர் முடிவிலிருந்து ஜனவரிவரை மழைக்காலம், அப்போது இந்த யோசனையே வேண்டாம். பக்கத்தில் சோதனைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்கள், உறவினர்கள் என்ற அளவோடு நிற்பது நல்லது. பாடசாலையிலோ வாசிகசாலையிலோ பொதுவாகக் காட்டுவதென்றால் உரிமையாளரின் அனுமதி தேவை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசிக் காட்சி முற்றத்தில் எடுபடவில்லை. டிம் பேசிக்கொண்டிருந்த நேரம் இரண்டு பிள்ளைகள் இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள், யாரோ தேநீர் கேட்டார்கள். அப்பா வந்தவர்களுக்குக் கதிரை போடுவதிலேயே நின்றார், திரையைப் பார்க்கவில்லை. சிரிப்புக் காட்சிகள் முற்றத்தில் பத்து மடங்கு பெருகின. மனத்தைத் தொட்ட இடம் காற்றோடு போய்விட்டது.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | திரையரங்கு | வீடு | முற்றம் |
|---|---|---|---|
| மூத்தவர்கள் சேர்வது | முதலே சம்மதிக்க வேண்டும் | தானாகவே நடக்கும் | வருவார்கள், வேலையில் இறங்கிவிடுவார்கள் |
| நிறுத்தித் திருப்பிப் போடுதல் | முடியாது | முடியும் | முடியும், கூட்டம் பொறுக்காது |
| சொல்லிக்கொடுத்தல் | மற்றவர்களுக்குத் தொந்தரவு | தாராளமாக | கூத்துக் களரிபோல இயல்பாக |
| காட்சி, ஒலி | மிக நன்று | சுமார் | பெரிது, தெளிவு குறைவு |
| மறைந்த செலவு | போக்குவரத்து, இடைவேளை, பயந்த பிள்ளை | தரவு, இடையூறு | தேநீர், கதிரை, நுளம்பு, மழை |
| எந்த வயதுக்கு | பத்துக்கு மேல் | எந்த வயதுக்கும் | ஆறுக்கு மேல் |

மொழி: டப்பிங்கா, உபதலைப்பா, பக்கத்தில் ஒரு குரலா?

இடத்தைத் தீர்மானித்தாலும் மொழியைத் தீர்மானிக்காவிட்டால் பாதிப் படம் போய்விடும். தமிழ் டப்பிங் கிடைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே சுகம். பணம் கட்டுவதற்கு முன் ஒலித்தெரிவில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே படத்துக்கு நாட்டுக்கு நாடு தெரிவுகள் மாறலாம். ஆனால் டப்பிங் தமிழ் சென்னைத் தமிழ். நாங்கள் சூடை என்பதை அவர்கள் மத்தி என்பார்கள். அன்று தொலைக்காட்சியிலிருந்து "மத்தி" என்ற சொல் வந்திருந்தால் அப்பாவின் கை நின்றிருக்காது என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

உபதலைப்பு, ஓட்டமாக வாசிக்கும் பிள்ளைக்குத்தான். நகைச்சுவைப் படத்தில் வரியை வாசித்து முடிப்பதற்குள் குரங்கு அடுத்த குறும்பைச் செய்து முடித்திருக்கும். மூத்தவர்களின் கண்ணுக்கும் அந்த எழுத்து எட்டாது.

பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பதுதான் என் தெரிவு. இதற்கும் ஒரு விலை உண்டு. சொல்கிறவர் படத்தை முழுதாகப் பார்க்க முடியாது, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு எரிச்சலும் வரும். எல்லாவற்றையும் மொழிபெயர்க்கக் கூடாது என்று நான் மெல்லத்தான் கற்றுக்கொண்டேன். விழுவதும் ஓடுவதும் குரங்கு பாய்வதும் எந்த மொழியும் கேட்பதில்லை. யார் யாருக்கு என்ன முறை, அவன் எதற்கு ஆசைப்படுகிறான் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

பெற்றோர் முதலே பார்த்துவிடுவது நல்லதா என்றும் கேட்கிறார்கள். பார்த்தால் நீங்கள் வியக்கும் வாய்ப்பை இழப்பீர்கள், எனக்கு அந்தச் சனிக்கிழமை கிடைத்தது பார்க்காததால்தான். இந்தப் படத்துக்கு அடிப்படையான, 1978 இல் வந்த ஜூடி பாரெட்டின் சிறுவர் நூலில் ஒரு தாத்தா தன் பேரப்பிள்ளைகளுக்கு, சாப்பாடு மழையாய்ப் பொழியும் ஊரின் கதையைச் சொல்வார். ஃபிளின்டும் டிம்மும் அதில் இல்லை. இயக்குநர்கள் ஃபில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் தங்கள் முதல் முழுநீளப் படத்துக்கு ஒரு தகப்பனையும் மகனையும் புதிதாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நூலைத் தெரிந்தவர்களுக்குக்கூட அது எதிர்பாராததாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும், வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால் கட்டாயம் முதலே பாருங்கள். ஃபிளின்டின் தாய் கதையின் தொடக்கத்திலேயே இல்லாமல் போய்விடுகிறாள். தாயை இழந்த பிள்ளை அதைத் தயாரில்லாமல் பார்க்கக் கூடாது.

கேட்ட மூவருக்கு

ஆரையம்பதியிலிருந்து கேட்ட தாய்க்கு நான்கிலும் ஏழிலும் இரண்டு பிள்ளைகள். வீட்டிலேயே போடுங்கள். ஒலியைக் குறைத்து வையுங்கள், விறாந்தைக் கதவைத் திறந்து விடுங்கள். மாமியார் கறி அரைத்துக்கொண்டிருந்தால் கூப்பிட வேண்டாம், ஊர்ச் சொல்லில் கதை சொல்லுங்கள்.

கல்முனையில் பதின்மூன்று வயது மகனோடு இருக்கும் தகப்பனுக்கு: திரையரங்கில் நல்ல படம் வரும்வரை காத்திருந்து அவனை மட்டும் கூட்டிப் போங்கள். தம்பி தங்கைகளை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். வரும் வழியில் அவன் பேசுவதைக் கேளுங்கள்.

கொக்கட்டிச்சோலையில் பெரிய குடும்பமாக இருக்கும் அக்காவுக்கு முற்றம்தான். மழைக்கு முன், செப்டெம்பருக்குள் செய்துவிடுங்கள். கதிரை போடுவதையும் தேநீரையும் இளைஞர்களிடம் கொடுத்து, உங்கள் அப்பாவை முன் வரிசையில் இருக்க வையுங்கள். நான் அன்று அதைச் செய்யத் தவறிவிட்டேன். இந்த வருடம் எங்கள் முற்றத்தில் அந்த முதல் கதிரை அப்பாவுக்குத்தான். கடைசிக் காட்சி வரும்போது படத்தை ஒரு நிமிடம் நிறுத்தி, பிள்ளைகளை அமைதியாக்கிய பிறகுதான் தொடருவேன்.